வெள்ளி நாணயத்துக்கு எவ்வளவு பிரீமியம் நியாயம்? மூன்று டீலர் விலைகளை வைத்து ஒரு கணக்கு

#1 புதுவரவு

20 அவுன்ஸ் வெள்ளி நாணயம் வாங்க மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறேன். ஒப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று ஸ்பாட் விலையை (சந்தையில் அந்த நேரம் ஓடும் வெறும் வெள்ளியின் விலை) ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு (சுமார் 31.1 கிராம்) 100 என்று மாற்றி எழுதுகிறேன். அதற்கு மேல் டீலர் கேட்பதுதான் பிரீமியம். எல்லாம் 1 அவுன்ஸ் நாணயத்தின் விலை.

டீலர் அ: அமெரிக்கன் சில்வர் ஈகிள் 119. அனுப்பும் செலவு இல்லை.
டீலர் ஆ: கனடா மேப்பிள் லீஃப் 113. ஆர்டருக்கு 30 அனுப்பும் செலவு.
டீலர் இ: தனியார் ஆலை ரவுண்ட் (அரசு அடிக்காத, நாணய வடிவ வெள்ளி வில்லை) 107. ஆர்டருக்கு 30. கார்டில் கட்டினால் 4% கூடுதல்.

இதில் 107தான் மலிவு என்று எடுத்துக்கொள்ளலாமா? ஈகிளுக்கு 19% பிரீமியம் என்பது ஏமாற்று விலையா?

#2 தராசுமுள்

பலகையில் எழுதியிருக்கும் விலையை அப்படியே ஒப்பிடக் கூடாது. கையில் வந்து சேரும்போது ஒரு அவுன்ஸ் என்ன விலை ஆகிறது என்று முதலில் பாருங்கள்.

அ: 119 × 20 = 2380. அவுன்ஸ் 119.
ஆ: 113 × 20 + 30 = 2290. அவுன்ஸ் 114.50.
இ (கார்டு): 107 × 20 × 1.04 + 30 = 2255.60. அவுன்ஸ் 112.78.
இ (வங்கிப் பரிமாற்றம்): 2140 + 30 = 2170. அவுன்ஸ் 108.50.

பலகையில் மேப்பிளுக்கும் ரவுண்டுக்கும் 6 வித்தியாசம். கார்டில் கட்டினால் அது 1.72 ஆகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்து, நீங்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அதே டீலர் இன்று அதே நாணயத்தை உங்களிடமிருந்து என்ன விலைக்குத் திரும்ப வாங்குவார்? மூன்று பேரிடமும் கேட்டு எழுதுங்கள். அது தெரியாமல் 19% அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது.

#3 புதுவரவு

கேட்டுவிட்டேன். திரும்ப வாங்கும் விலை: ஈகிள் 107, மேப்பிள் 104, ரவுண்ட் 98.

#4 தராசுமுள்

நன்றி. இப்போதுதான் படம் முழுமையாகிறது. வாங்கிய உடனே விற்றால் ஒரு அவுன்ஸுக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள்:

ஈகிள்: 119 − 107 = 12
மேப்பிள்: 114.50 − 104 = 10.50
ரவுண்ட், கார்டில்: 112.78 − 98 = 14.78
ரவுண்ட், வங்கிப் பரிமாற்றத்தில்: 108.50 − 98 = 10.50

மலிவாகத் தெரிந்த ரவுண்டைக் கார்டில் வாங்கினால் அதுதான் இருப்பதிலேயே விலை கூடியது. வங்கிப் பரிமாற்றத்தில் வாங்கினால் மேப்பிளும் ரவுண்டும் சமம். ஈகிளின் 19% பிரீமியத்தில் 7 திரும்பி வருகிறது. ஆகவே உண்மையான செலவு 19 அல்ல, 12.

பிரீமியம் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, விற்கும்போது அடுத்தவர் நமக்குத் தரும் பகுதி. மற்றது, போனால் போனதுதான். நியாயமா என்று அளக்க வேண்டியது இந்த இரண்டாவது பகுதியை மட்டும்.

#5 வெள்ளிக்கம்பி

கணக்கு சரிதான் தராசுமுள், ஆனா இன்னைக்குச் சொல்ற திரும்ப வாங்கும் விலை நாளைக்கும் இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கிறதில்லை. கிடங்குல சரக்கு நிறைஞ்சு கிடந்தா டீலர் ஈகிளுக்கே ஸ்பாட்டுக்குக் கீழ கேப்பார். கம்மி பிரீமியத்துல வாங்கினவனுக்கு அந்தக் கவலை கம்மி, ஏன்னா அவன் இழக்க வேண்டியது கொஞ்சம்தான். நீண்ட காலம் வச்சிருக்கப் போறவங்க எப்பவும் அவுன்ஸுக்கு எது மலிவோ அதைத்தான் வாங்கணும். 100 அவுன்ஸ் பார் (வெள்ளிக் கட்டி), கிலோ பார் எல்லாம் இதைவிடக் குறைச்சல்.

#6 நாணயக்கிடங்கு

வெள்ளிக்கம்பி சொல்வதில் பாதி உண்மை. கிலோ பார் என்பது 32.15 ட்ராய் அவுன்ஸ். விற்க வேண்டி வந்தால் மொத்தமாகத்தான் விற்க வேண்டும், 5 அவுன்ஸ் மட்டும் வெட்டிக் கொடுக்க முடியாது. தனி ஆளிடம் விற்கும்போது பாரைப் பார்த்தவுடன் எழும் சந்தேகம் அரசு நாணயத்துக்கு அவ்வளவாக எழுவதில்லை. டீலரும் பெயர் தெரியாத ஆலையின் பாரைச் சோதிக்க நேரம் எடுப்பார், சில இடங்களில் அதற்கும் கழிப்பார்.

பிரீமியம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பேரம் பேசவும் சுலபம். அமெரிக்க நாணயசாலை புல்லியன் ஈகிளை (உலோக மதிப்புக்காக வாங்கும் சாதாரண ஈகிள்) பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மொத்தக் கொள்முதலாளர்களுக்கு மட்டும், வெள்ளியின் சந்தை விலையோடு ஒரு நாணயத்துக்கு இவ்வளவு என்று கூட்டி விற்கிறது. குறைந்தபட்ச ஆர்டர் 25,000 நாணயம். அவர்களிடமிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து சில்லறை டீலர், பிறகு நாம். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஏறும். நாணயசாலை கூட்டும் தொகையே ஈகிளுக்கு அதிகம். அதனால் மேப்பிள், ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக், பிரிட்டனின் பிரிட்டானியா எல்லாவற்றையும்விட ஈகிள் விலை கூடியிருப்பதற்கு டீலரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த அடிப்படைக்கு மேல் அவர் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்பதைத்தான் பக்கத்து டீலரோடு ஒப்பிட வேண்டும்.

#7 கணக்குப்பிள்ளை

சதவீதத்தில் பேசுவதால் வரும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

நாணயம் அடிக்கும் கூலி, டியூப் (நாணயங்களை அடுக்கும் குழாய்), பெட்டி, ஆள் செலவு எல்லாம் வெள்ளி விலை இரண்டு மடங்கானால் இரண்டு மடங்காகாது. கார்டு கட்டணம், காப்பீடு, சரக்கில் முடங்கும் பணத்தின் வட்டி மட்டும் விலையோடு சேர்ந்து ஏறும். ஸ்பாட் 100 ஆக இருக்கும்போது பிரீமியம் 14. அதில் 9 நிலையான செலவு, 5 விலையோடு நகர்வது என்று வைப்போம். ஸ்பாட் 200 ஆனால் நியாயமான பிரீமியம் 9 + 10 = 19, அதாவது 9.5%. அப்போதும் ஒரு டீலர் "எங்கள் பிரீமியம் எப்போதும் 14%தான்" என்று சொன்னால் 28 வாங்குகிறார். 9 கூடுதல்.

வெள்ளி விழும்போது இது தலைகீழ். ஸ்பாட் 50க்கு வந்தால் 9 + 2.50 = 11.50, அதாவது 23%. அதைப் பார்த்துக் கொள்ளை என்று கத்த வேண்டியதில்லை. ஆகவே குறிப்பேட்டில் அவுன்ஸுக்கு எவ்வளவு பணம் என்றும் எழுதி வையுங்கள். சதவீதம் மட்டும் எழுதினால் இரண்டு வருடம் கழித்து ஒப்பிடவே முடியாது.

#8 புதுவரவு

இன்னொரு இடத்தில் சீன பாண்டா 115 என்று போட்டிருக்கிறது. மேப்பிளுக்குப் பக்கத்தில்தானே வருகிறது?

#9 கணக்குப்பிள்ளை

வராது. பாண்டா 2016 முதல் 30 கிராம். ட்ராய் அவுன்ஸ் 31.1035 கிராம். பாண்டாவில் இருப்பது 0.9645 அவுன்ஸ், உலோக மதிப்பு 96.45. எனவே 115க்கு வாங்கினால் பிரீமியம் 19.2%. ஈகிளை எட்டிவிட்டது.

விலையை எப்போதும் சுத்த வெள்ளியின் எடையால் வகுக்க வேண்டும், நாணயத்தின் எண்ணிக்கையால் அல்ல. எடையும் மாற்றும் (அதில் சுத்த வெள்ளி எத்தனை பங்கு என்பது) சேர்ந்ததுதான் சுத்த எடை. 2012 வரையிலான பழைய பிரிட்டானியா 0.958 மாற்று, ஆனால் மொத்த எடை கூடுதலாக இருப்பதால் உள்ளே ஒரு முழு அவுன்ஸ் சுத்த வெள்ளி உண்டு. 0.925 மாற்றில் வரும் நினைவுப் பதக்கத்தில் 1 அவுன்ஸ் என்று போட்டிருந்தாலும் மொத்த எடைதான் 1 அவுன்ஸ் என்றால் வெள்ளி 0.925 மட்டும். 1964 வரை அடித்த அமெரிக்க 90% சில்லறைக் காசுகளில், முகமதிப்பு 1 டாலருக்கு அடித்த புதிதில் 0.7234 அவுன்ஸ் வெள்ளி. தேய்மானம் கழித்து வியாபாரத்தில் 0.715 என்று எடுப்பார்கள்.

அவுன்ஸ் எந்த அவுன்ஸ் என்றும் பாருங்கள். சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம், ட்ராய் அவுன்ஸைவிட ஏறக்குறைய 9% குறைவு. கட்டி, ரவுண்ட் விற்கும் சிலர் எடையைக் கிராமில் சொல்லாமல் வெறும் "அவுன்ஸ்" என்று போடுவது இங்கேதான் வேலை செய்கிறது.

#10 மாற்றுப்பார்வை

எந்த ஸ்பாட்டோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீலர் பக்கத்தில் ஓடும் ஸ்பாட் அவருடையது. சிலர் சந்தையில் விற்பவர் கேட்கும் விலையைக் காட்டுகிறார்கள், சிலர் அதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்துக் காட்டுகிறார்கள். பிரீமியம் சின்னதாகத் தெரியும். நாணயத்தின் மொத்த விலையையும் வெளியில் ஒரு பொது இடத்தில் ஓடும் ஸ்பாட்டையும் ஒரே நிமிடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். லண்டன் வெள்ளி விலை நாளுக்கு ஒருமுறை, லண்டன் நேரம் நண்பகலில் மட்டும் அறிவிக்கப்படுவது. மாலையில் வாங்கும் நாணயத்தை அதோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

வேறு நாணயத்தில் விலை சொல்லும் டீலர் என்றால் டாலர் ஸ்பாட்டைச் சந்தை மாற்று விகிதத்தில் நீங்களே மாற்றிப் பாருங்கள். டீலரோ கார்டு கொடுத்த வங்கியோ மாற்று விகிதத்தில் 2% எடுத்தால் அதுவும் பிரீமியம்தான். பில்லில் வேறு பெயரில் இருக்கும், அவ்வளவே.

சந்தை மூடும் வெள்ளிக்கிழமை மாலை (நியூயார்க் நேரம்) முதல் ஞாயிறு மாலை வரை ஸ்பாட் நகராது, ஆனால் டீலர்கள் விற்றுக்கொண்டிருப்பார்கள். விலை மாறினால் வரும் நஷ்டத்துக்கு அந்த நேரத்தில் அவர்களால் சந்தையில் காப்பு எடுக்க முடியாது. அதற்காகப் பிரீமியத்தைச் சிலர் கூட்டிவிடுவார்கள். அவசரம் இல்லையென்றால் வாரநாளில் வாங்குங்கள்.

#11 வெள்ளிக்கம்பி

வரியை யாருமே சொல்லலையே. வெள்ளி நாணயத்துக்கு மதிப்புக் கூட்டு வரி இருக்கிற நாடா இருந்தா மேல போட்ட சண்டை எல்லாம் சில்லறை விஷயம். 20% வரின்னு வைங்க: 114 போட்டது 136.80 ஆகுது. திரும்ப விக்கிறப்ப 104. நஷ்டம் 32.80. ஒண்ணு ரெண்டு பிரீமியத்துக்கு நாலு டீலர் ஏறி இறங்கறதைவிட, சட்டப்படி வரி குறைவான வழி எதுன்னு பாக்குறது மேல். ஐரோப்பாவுல சில நாடுகள்ல பழைய நாணயத்துக்கு முழு விலை மேல இல்லாம டீலரோட லாபத்து மேல மட்டும் வரி போடுற முறை இருக்கு. அந்த மாதிரி இடத்துல புது வருஷ நாணயத்துக்குப் பின்னாடி போறது வீண்.

வரி இல்லாத இடத்துலயும் இது பொருந்தும். "எந்த வருஷமும்" அப்படின்னு கலவையா விக்கிற மேப்பிளும் பிரிட்டானியாவும் இந்த வருஷ நாணயத்தைவிட மலிவா வரும். உள்ள இருக்கிற வெள்ளி ஒண்ணுதான். திரும்ப வாங்கறப்ப வருஷம் பாக்குறீங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க. பெரும்பாலும் பாக்க மாட்டாங்க.

#12 நாணயக்கிடங்கு

இதில் வெள்ளிக்கம்பியோடு முழுக்க உடன்படுகிறேன். புதிதாக வருபவர்கள் அதிகம் இழப்பது இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில்: பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து, தரத்துக்கு முழு 70 புள்ளி கொடுத்த நாணயம், "முதல் அடிப்பு" என்று சீட்டு ஒட்டியது, வண்ணம் பூசியது, அழகுப் பெட்டியில் வரும் ப்ரூஃப் (கண்ணாடிபோல் பளபளக்கச் சிறப்பாக அடித்தது). இவற்றுக்கு ஸ்பாட்டுக்கு மேல் 50%, 100% கேட்பார்கள். திரும்பக் கொண்டுபோனால் பெரும்பாலான புல்லியன் டீலர் சாதாரண நாணய விலைதான் தருவார். சேகரிப்பாளராக விரும்பி வாங்குபவர் வாங்கட்டும், அது வேறு பொழுதுபோக்கு. வெள்ளியைச் சேமிக்க வந்தவருக்கு அந்தப் பிரீமியம் திரும்பாது.

மெக்சிகோ லிபர்டாட் போன்ற சில நாணயங்கள் நடுவில் நிற்கின்றன. குறைவாக அடிக்கப்படும் வருடங்களுக்குச் சேகரிப்பாளர் கூடுதலாகத் தருவார்கள். அந்தக் கூடுதலை நம்பி வாங்குவதென்றால் எந்த வருடம் எவ்வளவு அடித்தார்கள், போன மாதம் என்ன விலைக்குக் கைமாறியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

#13 புதுவரவு

தட்டுப்பாடு வந்தால் பிரீமியம் ஏறும் என்கிறார்கள். அப்படியென்றால் இப்போதே ஈகிள் வாங்கி வைப்பது லாபமா?

#14 தராசுமுள்

2020 மார்ச்சில் ஸ்பாட் 12 டாலர் பக்கம் விழுந்தது. அதே வாரங்களில் டீலர்களிடம் நாணயமே கிடைக்கவில்லை, கிடைத்த ஈகிளுக்குப் பிரீமியம் 50 சதவீதத்தையும் தாண்டியது. காகித வெள்ளியின் (ஒப்பந்தமாக மட்டும் கைமாறும் வெள்ளியின்) விலையும் கையில் கிடைக்கும் நாணயத்தின் விலையும் தனித்தனியாகப் பிரிந்து நின்ற காலம் அது. 2021 ஜனவரி கடைசியில் மீண்டும் கூட்டம் மொய்த்தபோது பல டீலர்கள் வாரக் கடைசியில் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு விஷயம் நடக்கிறது. புதிதாக வாங்குபவர், ஓரிரு வருடத்தில் கரைந்துவிடக்கூடிய பிரீமியத்துக்குப் பணம் கட்டுகிறார். ஏற்கெனவே நாணயம் வைத்திருப்பவருக்குத் திரும்ப வாங்கும் விலையும் ஏறியிருக்கும். ஈகிளை 125க்கு எடுத்துக்கொண்டு அதே டீலர் பாரை 110க்குத் தந்தால், 100 ஈகிள் கொடுத்து 113.6 அவுன்ஸ் பார் வாங்கலாம். வெள்ளி விலை நகராமலேயே எடை கூடுகிறது. ஆனால் உங்கள் நாட்டில் அந்த மாற்றத்தை விற்பனை என்று கணக்கிட்டு வரி போடுவார்களா என்று முதலில் பாருங்கள். போட்டால் அந்த 13.6 அவுன்ஸில் ஒரு பகுதி போகலாம்.

தட்டுப்பாட்டை நம்பி அதிகப் பிரீமியம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இழப்பு 12க்கும் 10.50க்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்தே ஏற்றுக்கொள்பவர் ஈகிள் வாங்கலாம். தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும்போது யாரும் எந்த நாணயத்தையும் வாங்க வேண்டாம், காத்திருங்கள்.

#15 மாற்றுப்பார்வை

ஸ்பாட்டுக்குக் கீழே விலை சொன்னால் அதைச் சலுகை என்று எடுக்காதீர்கள். எந்த டீலரும் உருக்கு ஆலையில் கொடுத்தாலே ஸ்பாட்டை ஒட்டிய விலை பெறுவார். பெயர் பெற்ற டீலர்கள் புது வாடிக்கையாளருக்கு ஸ்பாட் விலைக்கே சில நாணயம் தருவதுண்டு, எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு. முன்பின் தெரியாத தளத்தில் 80க்கு ஈகிள் என்றால் அது வெள்ளி அல்ல.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை: 0.01 கிராம் காட்டும் தராசும் ஒரு வெர்னியர் காலிப்பரும் போதும். ஈகிள் 40.6 மி.மீ. விட்டம், 2.98 மி.மீ. தடிப்பு, 31.10 கிராம். பில்ஹார்மோனிக் 37 மி.மீ., 3.2 மி.மீ. மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். காரணம் அடர்த்தி. வெள்ளி 10.49, செம்பு 8.96. ஈகிளின் அதே அளவில் செம்பில் செய்து முலாம் பூசினால் எடை 26.6 கிராம்தான் வரும். எடையைச் சரிசெய்தால் தடிப்பு 17% கூடும். ஈயத்தில் செய்தால் 33.6 கிராம். செம்பும் ஈயமும் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டியவை உண்டு. அவை சாய்த்துப் பிடித்த நாணயத்தின் மேல் நியோடிமியம் காந்தம் வழுக்கும் வேகத்திலும் தட்டினால் எழும் ஒலியிலும் மாட்டும். வெள்ளியில் காந்தம் தயங்கித் தயங்கி இறங்கும், ஒட்டாது. செம்பிலும் காந்தம் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது.

நீர்ச் சோதனை: தராசின் மேல் தண்ணீர்க் குவளை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு சுமார் 2.96 காட்ட வேண்டும். 31.10ஐ அதால் வகுத்தால் 10.5 பக்கம் வரும். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் தப்பும், ஆட்டி விட்டு மறுபடி பாருங்கள்.

மேப்பிளில் வெள்ளையாகப் பால்புள்ளி வந்தால் பதற வேண்டாம், உலோகத்துக்குக் குறையில்லை. 2018 முதல் கனடா நாணயசாலை அதைக் குறைக்க ஒரு மேற்பூச்சு முறை கொண்டுவந்தது. புள்ளியைத் தேய்த்துத் துடைப்பதுதான் கெடுதல். துடைத்த நாணயத்துக்கு டீலர் விலை குறைப்பார்.

#16 நாணயக்கிடங்கு

புதுவரவு, உங்கள் ஆர்டர் எண்ணிக்கையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மேப்பிளும் பிரிட்டானியாவும் டியூபுக்கு 25. ஈகிளும் பில்ஹார்மோனிக்கும் 20. 20 மேப்பிள் கேட்டால் டியூப் பிரித்துச் சில்லறையாக வரும். 25 கேட்டால் முழு டியூப், பல டீலரிடம் அங்கேதான் விலைப் படி ஒன்று இறங்கும். அடுத்த படி பெரும்பாலும் 100இல், அதன் பிறகு 500 நாணயப் பெட்டியில். 19க்கும் 20க்கும் நடுவே ஒரு நாணயத்துக்காக மொத்த ஆர்டரின் விலையும் மாறுவதைப் பார்க்கலாம். அனுப்பும் செலவும் பங்காகும்: ஆர்டருக்கு 30 என்றால் 5 நாணயத்தில் ஒன்றுக்கு 6, 25இல் 1.20.

#17 புதுவரவு

டீலர் ஆவிடம் கேட்டேன். 25 மேப்பிள், எந்த வருடமும், வங்கிப் பரிமாற்றம்: 111. அனுப்பும் செலவு அதே 30. அவுன்ஸ் 112.20, திரும்ப வாங்கும் விலை 104 என்றால் 8.20 இழப்பு.

#18 தராசுமுள்

முதலில் பார்த்த 10.50ஐவிட 2.30 குறைந்திருக்கிறது. எடுக்கலாம். பணம் அனுப்புமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஆர்டர் போட்ட நிமிடத்தில் விலை பூட்டப்படுகிறதா, பணம் வந்த பிறகா? சரக்கு கையிருப்பா, முன்பதிவா? ரத்து செய்தால் சந்தை இறக்கத்தை யார் ஏற்பது? விலை பூட்டிய பின் ரத்து செய்தால் ஸ்பாட் இறங்கிய வித்தியாசத்தோடு தனிக் கட்டணமும் பிடிப்பது வழக்கமான நிபந்தனை. முன்பதிவு என்றால் அதே விலைக்கு வேண்டாம். உங்கள் பணத்தை அவர் வாரக்கணக்கில் வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் விலை குறைய வேண்டும்.

#19 வெள்ளிக்கம்பி

பார்சல் வர்றப்ப உறையைப் பிரிக்கிறதுல இருந்து தராசுல வைக்கிற வரைக்கும் நிறுத்தாம வீடியோ எடுங்க. எண்ணிக்கை குறைஞ்சா காப்பீட்டுக்காரர் கேக்குற முதல் சான்று அதுதான். டியூபை முழுசா எடை போட்டு வைங்க. 25 மேப்பிள் வெள்ளி மட்டும் 777.6 கிராம் வரணும், டியூப் எடை தனி.